கற்பனைக் கதிர்ப்படைக்கு ஓர் இலக்கணம்

மாசித் திங்களிலே தோட்டங்கள்தோறும் காமன் கம்பம் ஊன்றப்படுவதையும், இரவெல்லாம் காமன் கூத்து நிகழ்வதையும் இக்கல்லூரியின் பழைய மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கரும்பு வில்லும் மலர்க்கணை ஐந்தும் தாங்கிய காமன், மோனத்தில் அமர்ந்த சிவபெருமானை நோக்கி அம்பு தொடுக்கின்றான், நெற்றிக்கண் திறக்கின்றது, காமன் வெந்து நீறாகின்றான். லயத்துப் பிள்ளைகளாகிய நாம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, ராகலைக் குளிரில் நடுங்கியவாறு விழித்திருந்தது பெரும்பாலும் அந்த ஒரு கணத்துக்காகவே. வில்லையும் அம்பையும் நாம் அறிவோம். ஆயின் கையில் ஒன்றும் ஏந்தாது, பார்வை ஒன்றினாலேயே எட்ட நிற்பவனை எரிக்கும் படைக்கலத்தைக் கூத்தர் எவ்வாறு காட்டப் போகின்றனர் என்பதே எமது ஆவல். ஓராண்டில் தீப்பந்தம் வந்தது. மற்றோராண்டில் பந்தத்தின்மேல் குங்கிலியப் பொடி எறியப்பட்டுச் சுவாலை ஆளுயரம் எழுந்தது. பிறிதோராண்டில் மழை பெய்து பந்தம் அணைந்துபோகவே, சிவவேடம் தரித்த பெரியவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டுக் காமனை வெறுமனே உற்று நோக்கினார். அவ்வாண்டிலேதான் நாம் மிக அஞ்சினோம்.

இக்காலத்து மாணவர், வருங்காலத்தில் இருக்கக் கூடுமென்று தாம் எண்ணும் கதிர்ப்படைகளைத் தாளில் வரைகின்றனர். அட்டையாலும் குழாயாலும் மாதிரி செய்கின்றனர். வசதியுள்ளோர் பிளெண்டர் முதலிய இலவச மென்பொருள்களின் துணைகொண்டு கணினியிலே முப்பரிமாண உருவாக அமைக்கின்றனர். கண்காட்சி மேசைகளில் ஆண்டுதோறும் இவற்றைக் காண்கின்றோம். கைத்திறன் வியக்கத்தக்கது. ஆனால், "இதற்குச் சக்தி எங்கிருந்து வருகின்றது? இதன் வாய் ஏன் இவ்வளவு ஒடுங்கியுள்ளது?" என்று வினவினால், "இது கற்பனைதானே சேர்!" என்ற விடையே கிடைக்கின்றது. கற்பனை என்பதனால் கணக்கு வேண்டாம் என்பது பிழை. கருவி இல்லாததாயினும் அது உலவும் உலகத்தின் விதிகள் உள்ளவையே. அவ்விதிகளை மதித்து வகுத்தால் கருவி தனக்குரிய வடிவத்தைத் தானே பெற்றுவிடும். மதியாது வகுத்தால் அது வெறும் துப்பாக்கியின் சாயலாகவே முடியும். இவ்வாறு முடிவதால் நேரக்கூடிய தீங்கையும் நாம் ஒருமுறை கண்டோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் முன்னோர் இதிகாசங்களில் வகுத்த அத்திரங்களை முதலில் நோக்குக. ஆக்கினேயாத்திரம் நெருப்பைப் பொழியும். அதனை வாருணாத்திரம் அவிக்கும். ஒவ்வொரு படைக்கும் ஒரு மாற்றுப் படை உண்டு. ஏவுதற்கு ஒரு மந்திரமும், பெறுதற்கு ஒரு தவமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எல்லை உண்டு. கவச குண்டலங்களைக் கொடுத்துக் கர்ணன் இந்திரனிடம் பெற்ற சக்தி ஒரே முறைதான் பயன்படும். அருச்சுனனுக்கென்று அவன் பொத்திவைத்த அப்படையை இரவுப் போரிலே கடோற்கசன்மேல் விடும்படி நேர்ந்தது. அசுவத்தாமன் விடுத்த படையை மீட்கும் வித்தையை அறியான். அதனால் விளைந்த கேட்டையும் அறிவோம். எல்லையில்லாத ஆற்றலுடைய படை ஒன்று கர்ணனிடம் இருந்திருப்பின் பாரதக் கதை அரை நாளில் முடிந்திருக்கும். எனவே, உமது கருவி என்ன செய்யும் என்று எழுதுமுன், என்ன செய்யாது என்பதை எழுதுக. பௌதிகம் அந்த எல்லையைத் தானே கொண்டுவந்து தருகின்றது என்பதே இனிச் சொல்லப்படும்.

மேனாட்டிலே எச். ஜி. வெல்சு என்னும் ஆங்கில ஆசிரியர் 1898ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த தமது கதையொன்றில், செவ்வாய்க் கிரகத்தார் வெப்பக் கதிர் ஒன்றினால் இங்கிலாந்தை எரிப்பதாக எழுதினார். அக்கதிரைத் துப்பாக்கிக் குழலிலிருந்து வருவதாக அவர் எழுதவில்லை. பரவளைவு ஆடியொன்றினால், கலங்கரை விளக்கத்தின் ஒளியைப்போல, வீசப்படுவதாக எழுதினார். விஞ்ஞானம் பயின்றவராதலின் அவர் ஆடியை நாடினார் போலும். இதனை மாணவர் நினைவில் வைத்துக்கொள்க.

கற்பனையிலிருந்த இக்கதிரை உண்மையாகவே செய்துவிட்டதாகக் கூறிக்கொண்டோர் முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பலர் தோன்றினர். நூறு யார் தூரத்தில் நிற்கும் ஓர் ஆட்டைக் கதிரினால் கொன்று காட்டுவோர்க்கு ஆயிரம் பவுண் தருவதாகப் பிரித்தானிய விமான அமைச்சு அறிவித்திருந்தது என்பர். ஆடுகள் பிழைத்தன. 1935ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இவ்வமைச்சினர், வானொலி ஆராய்ச்சி நிலையத்திலிருந்த இராபட் உவாற்சன் உவாற்றிடம் கொலைக்கதிர் இயலுமா என்று கேட்டனர். அவர் தமது உதவியாளராகிய ஆணல்டு உவில்கின்சிடம் அந்த வினாவை மாற்றுருவில் கொடுத்தார்: ஐந்து கிலோமீற்றர் தூரத்திலும் ஒரு கிலோமீற்றர் உயரத்திலும் உள்ள எட்டுப் பைந்து நீரைப் பரனைற்று 98 பாகையிலிருந்து 105 பாகைக்குச் சூடேற்ற எவ்வளவு வானொலி வலு வேண்டும்? எட்டுப் பைந்து நீர் என்பது ஒரு மனித உடலின் குருதி; 98இலிருந்து 105 என்பது கொல்லும் காய்ச்சல். வினாவின் உட்பொருளை உவில்கின்சு உணர்ந்துகொண்டார் என்பதில் ஐயமில்லை.

இக்கணக்கை நம் சாதாரண தர மாணவரும் செய்யலாம். எட்டுப் பைந்து ஏறத்தாழ 4.5 இலீற்றர். ஏழு பரனைற்றுப் பாகை ஏறத்தாழ 3.9 சதமபாகை. நீரின் தன்வெப்பக் கொள்ளளவோடு பெருக்கினால் 73,000 யூலுக்குச் சற்று அதிகம். காலையில் ஒரு கேத்தல் தேநீருக்கு நீர் கொதிக்க வைப்பதற்கு இதனைவிடப் பன்மடங்கு சக்தியைச் செலவிடுகின்றோம். எனவே வேண்டிய சக்தி பெரிதன்று. அதனை ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால், அந்த ஓர் உடலின்மேல் மட்டும், சிதறாமல் சேர்ப்பதே இயலாதது. வானொலி அலை பரந்து சென்று எங்கும் சிந்திவிடும். இயலாது என்று விடை கூறிய உவில்கின்சு, வேறொன்றையும் கூறினார்: விமானத்தில் பட்டுத் தெறிக்கும் அலையைக் கொண்டு விமானம் வருவதை அறியலாம். 1935 பெப்புருவரி 26ஆம் நாள் தவென்றிரி என்னுமிடத்தில் அது செய்து காட்டப்பட்டது. கொலைக்கதிரைத் தேடப் போய், கண்டது ரேடார். கணக்கைச் செய்யாமல், "கற்பனைதானே" என்று விட்டிருப்பின் அது அன்று கிடைத்திராது.

இனி நாமே ஒரு கைக்கருவியை வகுத்துப் பார்ப்போம். ஒருமுறை விசையை அழுத்தினால் 10,000 யூல் ஒளிச்சக்தியை வெளிவிடும் லேசர் என்று கொள்வோம். துப்பாக்கிக் குண்டொன்றின் சக்தி சில ஆயிரம் யூல்களே ஆதலின் இது மிகையான எண்ணன்று. மின்சக்தியில் காற்பங்கை ஒளியாக மாற்றும் திறமை அதற்கு உண்டென்றும் கொள்வோம். அவ்வாறாயின் ஒவ்வொரு முறையும் பற்றரியிலிருந்து 40,000 யூல் செலவாகும். இன்றைய நல்ல இலிதியம் பற்றரி கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 700,000 யூல் தேக்குமாதலின், ஒரு கிலோ பற்றரிக்குப் பதினேழு முறை எய்யலாம். இதுவரை மாணவர் மகிழ்வர். எஞ்சிய 30,000 யூல் எங்கே போயிற்று? வெப்பமாகிக் கருவியிலேயே தங்கிவிட்டது. கருவியின் உடல் ஒரு கிலோ அலுமினியம் எனின், ஒவ்வொரு முறையும் அதன் வெப்பநிலை 33 பாகை உயரும். ராகலையில் மாலை வேளை 15 பாகை என்று தொடங்கினால், முதலாம் முறைக்குப் பின் 48. இரண்டாம் முறைக்குப் பின் 81, கையில் பிடிக்க இயலாது. மூன்றாம் முறைக்குப் பின் 114. நுவரெலியா உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுமாதலின், அப்போது அதன்மேல் விழும் மழைத்துளி சீறி ஆவியாகும்.

கதை எழுதும் மாணவனுக்கு இதைவிட நல்ல வரம் வேறில்லை. எதிரி மூவர், கருவி தாங்குவதோ இருமுறை. கர்ணனின் இக்கட்டு இங்கே கணக்கினாலேயே வந்துவிட்டது. மாதிரி செய்வோனுக்கும் இது வடிவத்தைத் தருகின்றது. வெப்பத்தை வெளியேற்றத் தகட்டுச் சிறகுகள் வேண்டும். அல்லது நீர் ஓடும் குழாய்கள் வேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலைகளில் முற்காலத்தில் ஓடிய எண்ணெய் இயந்திரத்தை மூத்தோர் கண்டிருப்பர். இயந்திரத்தின் பக்கத்திலேயே அதனைக் குளிர்விக்கும் நீர்த்தொட்டியும் இருந்தது. கதிர்ப்படையின் மாதிரியில் நாம் காணும் பெருங்குறை, இயந்திரம் இருக்கின்றது, தொட்டி இல்லை என்பதே.

பின்னுதைப்பு என்பதையும் இங்கே தீர்த்துவிடுவோம். திரைப்படங்களில் கதிரை எய்பவன் தோள் பின்னுக்குச் சாய்வதைக் காண்கின்றோம். ஒளிக்கு உந்தம் உண்டு. ஆயின் 10,000 யூல் ஒளியின் உந்தம் ஒரு துப்பாக்கிக் குண்டின் உந்தத்தில் இலட்சத்தில் ஒரு பங்கும் இல்லை. தோளில் அணைக்கும் கட்டை இக்கருவிக்கு வேண்டுவதே இல்லை. அதனை அறுத்தெறியலாம்.

அடுத்தது வாய். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானதாதலின் சற்று நின்று நோக்குவோம். துப்பாக்கியின் குழல் ஒடுங்கியிருப்பது குண்டு அதனோடு இறுகச் செல்ல வேண்டும் என்பதனால். மாணவர் கதிர்ப்படைக்கும் அவ்வாறே ஒடுங்கிய குழலை வைக்கின்றனர். ஒளிக்குக் குணம் வேறு. ஒடுங்கிய துவாரத்தின் வழியே செல்லும் ஒளி விரிந்து பரவும் என்பதைக் கோணல் என்னும் பாடத்தில் உயர்தர மாணவர் கற்கின்றனர். துவாரம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு விரிவு பெரிது. ஒரு மைக்கிரோமீற்றர் அலைநீளமுள்ள கதிர் ஒரு சதமமீற்றர் வாயிலிருந்து புறப்பட்டு, பள்ளத்தாக்கைக் கடந்து ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள எதிர்மலையை அடையும்போது, அதன் பொட்டு ஏறத்தாழ 24 சதமமீற்றர் அகலமாகிவிடும். ஒரு சோற்றுத் தட்டின் அளவு. வாயை 30 சதமமீற்றராக அகட்டிக் குவித்தால், அதே தூரத்தில் பொட்டு 8 மில்லிமீற்றராகச் சுருங்கும். பரப்பிலே பார்த்தால் வெப்பம் தொளாயிரம் மடங்கு செறிந்துவிட்டது. அகன்ற வாயே கூரிய கதிரைத் தரும்! குழலினும் குழிவாடியே இதற்குரிய உறுப்பு. வெல்சு ஆடியை வைத்தது சரியே என்பது இப்போது புலப்படும்.

இதற்கு ஏட்டுச் சான்று மட்டுமன்று, இரும்புச் சான்றும் உண்டு. 1960 மே 16ஆம் நாள் மைமன் என்பார் அமெரிக்காவில் மாணிக்கக் கோலொன்றைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றே அது மெய்யான படைக்கலமாயிற்று. 2014இல் அமெரிக்கக் கடற்படையின் பொன்சு என்னும் கப்பலில் வைக்கப்பட்ட 30 கிலோவாற்று லேசரின் படத்தைப் பார்த்தவர் அதனை ஒரு தொலைநோக்கி என்றே கருதுவர். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2025 ஏப்பிரலில் கர்நூலிலே 30 கிலோவாற்று லேசரால் ஆளில்லா விமானங்களை வீழ்த்திக் காட்டியது. அதுவும் வாகனத்தின்மேல் ஏற்றிச் செல்லப்படுவதே, இடுப்பில் செருகுவதன்று.

மூடுபனியைப் பற்றிச் சொல்லாமல் ராகலையிலிருந்து ஒளியைப் பற்றி எழுதுதல் முறையன்று. தூய காற்றிலே செல்லும் கதிரைப் பக்கத்தில் நிற்பவன் காணான். அவன் கண்ணுக்குள் ஒளி வரவில்லையே. திரைப்படத்தில் காணும் சிவப்பும் பச்சையுமான கோடுகள் பார்ப்போர் பொருட்டு இடப்பட்டவை. பனியோ புகையோ இருந்தால்தான் கதிர் புலப்படும். ஆயின் புலப்படும் ஒவ்வொரு துளி ஒளியும் இலக்கை அடையாமல் வழியில் களவுபோன ஒளியாகும். நூறு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனியென்றால், அந்த நூறு மீற்றரைக் கடந்தபின் கதிரில் நூற்றில் இரண்டு பங்கே எஞ்சும். இன்னும் நூறு மீற்றர் சென்றால் பதினாயிரத்தில் நான்கு பங்கு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தேயிலை நிரைகள் மறையும்படி இறங்கிவரும் நமது பனி, கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த கருவியொன்றைக் கைவிளக்காக்கிவிடும். ஆக்கினேயாத்திரத்துக்கு வாருணாத்திரம் மாற்று என்று வகுத்த பண்டையோர் இம்மலைப் பனியைக் கண்டிரார். எனினும் பிழையாக வகுக்கவில்லை.

நம் நாட்டிலிருந்தே இத்துறையில் உலகறிய எழுதியவர் ஆதர் சி. கிளாக். அவர் 1956இல் இங்கு வந்து குடியேறி, 2008இல் கொழும்பிலே மறையும்வரை இத்தீவையே தமது இல்லமாகக் கொண்டவர். 1958இல் வெளிவந்த அவரது சிறுகதையொன்றில், பந்தாட்டம் காண வந்த ஐம்பதினாயிரம் போர்வீரர், தம் கையிலிருந்த பளபளப்பான நிகழ்ச்சிநிரல் ஏடுகளால் வெயிலைத் தெறிக்கச் செய்து, பாரபட்சமுள்ள நடுவரை மைதானத்திலேயே எரித்துவிடுகின்றனர். நகைச்சுவைக் கதைதான், கணக்கோ நகைப்புக்குரியதன்று. ஏடொன்று 30 சதமமீற்றர்ச் சதுரம் என்று கொண்டால் ஐம்பதினாயிரத்துக்கும் பரப்பு 4,500 சதுரமீற்றர். உச்சி வெயில் சதுரமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாற்று. பாதி வீணாகிவிட்டது என்றாலும் 2,250 கிலோவாற்று நடுவர்மேல் விழும். சூரியன் புள்ளியன்று, வட்டமாதலின், நூறு மீற்றர் தூரத்தில் தெறித்த ஒளி ஒரு மீற்றர் அகலத்துக்குப் பரவும், அதனால் என்ன? ஒரு மீற்றர் அகலத்துள் நடுவர் அடங்குவார். பற்றரி இல்லை, குளிர்விக்கும் தொட்டி இல்லை, குழல் இல்லை. கருவி எங்கே என்று தேடினால் ஐம்பதினாயிரம் கைகளில் ஏடுகளே இருக்கின்றன. கற்பனைப் படைக்கலத்தை வகுப்பதில் இக்கதையை மிஞ்சியதொன்றை நாம் படித்ததில்லை.

இனி, முன்னர்க் கூறுவோம் என்றதைக் கூறுதல் வேண்டும். 1977இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய "ஸ்டார் வார்ஸ்" என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்குக் கருவிகள் செய்தோர், செலவைச் சுருக்கும் பொருட்டு, மெய்யான துப்பாக்கிகளையே எடுத்து, அவற்றின்மேல் சில உறுப்புகளை ஒட்டிக் கதிர்ப்படை ஆக்கினர். பிரித்தானியரின் சிரேலிங்கு இயந்திரத் துப்பாக்கியும் செருமானியரின் மௌசர்க் கைத்துப்பாக்கியும் இவ்வாறே வேடம் பூண்டன. ஒளிவாளின் பிடியோ பழைய புகைப்படக் கருவியின் மின்னொளிப் பிடி. அப்படம் பெற்ற வெற்றியினால், கதிர்ப்படை என்றாலே துப்பாக்கியின் தோற்றம் என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டது.

நம்மிடம் பயின்ற மாணவனொருவன் 1990களின் பிற்பகுதியில் அத்தகைய மாதிரியொன்றைச் செய்தான். நீர்க்குழாய், பழைய மின்சூள், பால்மா டின் ஆகியவற்றால் ஆனது அது. விசையை அழுத்தினால் சிவப்பு ஒளி வரும். வெண்ணிறக் குழாயாக இருந்ததைப் பார்த்து, "கறுப்பு வர்ணம் பூசு, அப்போதுதான் மெய்போல் இருக்கும்" என்று சொன்னவர் வேறெவருமல்லர், நாமே. பூசினான். கண்டியில் நிகழ்ந்த கண்காட்சிக்கு அதனைப் பையிலிட்டு, விடியற்காலைப் பேருந்தில் தனியே புறப்பட்டான். நாம் முதல்நாளே சென்றிருந்தோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். நாடு போரில் இருந்த காலம், பையன் தமிழன், தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருந்தானேயன்றிக் கையில் இல்லை. பையினுள்ளே கறுப்புக் குழலொன்று. அன்று மாலைவரை அவன் அங்கேயே இருத்தி வைக்கப்பட்டான். கல்லூரியின் கடிதத்தோடு நாம் போய்ச் சேர்ந்தபோது, மாதிரி துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு ஒரு மேசையில் கிடந்தது. அடி, உதை ஒன்றுமில்லை என்றான். கொழுந்து மலையிலிருந்து அரைநாட் சம்பளத்தை இழந்து வந்த அவனுடைய தாய், வீதியோரத்தில் நின்றவர், எம்மை நோக்கி ஒன்றும் கேளாமல் பையை மட்டும் வாங்கிக்கொண்டார். அவன் அதன்பின் கண்காட்சிப் பக்கம் வரவில்லை. அவ்விருளில் யாரேனும் ஒருவரது விரல் அவசரப்பட்டிருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் எண்ணாதிருக்க இயலவில்லை. அமெரிக்காவில் 1980களின் இறுதியிலிருந்தே விளையாட்டுத் துப்பாக்கியின் முனை செம்மஞ்சளாக இருத்தல் வேண்டுமென்பது சட்டம். ஆசிரியராகிய நாம் அறிந்திருக்க வேண்டியதை அறியாதிருந்தோம்.

அவனுக்குக் கோணலைக் கற்பித்திருந்தோம். ஆனால் அதனைக் கருவிக்குப் பொருத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவன் ஒடுங்கிய குழலைச் செய்திரான். அகன்ற ஆடியையே செய்திருப்பான். அகன்ற ஆடியைக் கண்டு எவரும் அஞ்சார்.

ஆகவே இப்போது செய்விக்கும் மாதிரியின் முறையை எழுதுகின்றோம். முதலில் வரைதல்: முகப்பு, பக்கம், மேல் என மூன்று தோற்றங்கள், ஒரே அளவிடையில். கணினியில் செய்வோரும் இதனைத் தாளில் செய்தபின்னரே கணினியைத் தொடுக. முப்பரிமாண உரு எல்லாவற்றையும் அழகாகக் காட்டிப் பிழையை மறைத்துவிடும். பழைய குடையொன்றின் துணியைக் கழற்றாமல், உட்புறத்தில் வெள்ளித் தாளை ஒட்டினால் குழிவாடி ஆயிற்று. முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உள்ளே இருக்கும் ஈயத்தாள் போன்ற தகடு இதற்கு மிக வாய்ப்பாக இருந்தது. பெட்டிகள் போய்க் காகிதப் பைகள் வந்தபின் கடைத் தாளையே வாங்க வேண்டியுள்ளது. குடைக் காம்பின்மேல் குவியத்தருகே ஒரு சிறு மின்சூளை ஆடியை நோக்கிக் கட்டுக. அதன் பின்னே வெப்பச் சிறகுகளாக வட்ட அட்டைகளை ஒரு விரல் இடைவெளியில் கோத்து நிறுத்துக. எத்தனை சிறகு என்பதைக் கணக்கினால் சொல்லுதல் வேண்டும். பற்றரிக்கு முதுகிலே சுமக்கும் பெட்டியொன்று. அதிலிருந்து கையளவு பருமனான கம்பி வடம். மூடுபிடிகளும் வளைவுகளும் கடதாசிக் கூழையும் கோதுமை மாப் பசையையும் கொண்டு செய்யப்படும். மழைக்காலத்தில் இவை காய்வதற்கு ஒரு கிழமை செல்லும் என்பதை மறவற்க. வர்ணம் மஞ்சளோ வெள்ளையோ ஆகுக. கறுப்பு வேண்டா.

இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளித் தாள் ஒட்டிய குடையை வெயிலில் விரித்து வைக்கலாகாது. ஒரு மீற்றர் அகலக் குடை, பாதி ஒளியை வீணாக்கினாலும், நானூறு உவாற்று வரை குவிக்கும். ஒருமுறை ஆய்வுகூடத் திரைச்சீலையைக் கருக்கியும் விட்டது. மற்றொன்று, கடைகளில் விற்கும் லேசர்க் கோல்களை மாதிரியில் பொருத்தி எவர் கண்ணுக்கும் காட்டலாகாது. கண்ணைக் குருடாக்கும் பொருட்டு வகுக்கப்பட்ட லேசர்ப் படைகளை 1995ஆம் ஆண்டு அக்தோபரில் வியன்னாவில் கூடிய நாடுகள் ஓர் உடன்படிக்கையால் விலக்கின. 1998இல் அது நடைமுறைக்கு வந்தது. போர்க்களத்தில் எவரும் பரந்த அளவில் கையாளுமுன்னரே ஒரு படைக்கலம் விலக்கப்பட்டது மிக அரிது. கற்பனை செய்யப்பட்டதனாலேயே அதன் கொடுமை முன்கூட்டித் தெரிந்தது போலும்.

மாதிரியோடு ஒரு தாளும் வைக்கும்படி நாம் கேட்கின்றோம். கருவியின் வலு, திறமை, வாயின் அகலம், எத்தனை முறை எய்யலாம், பனியில் எவ்வளவு தூரம் செல்லும் என்பவற்றோடு, அது பட்ட இடத்தில் என்ன நிகழும், யாருக்கு நிகழும் என்பதையும் அத்தாளில் எழுதுதல் வேண்டும். கடைசி வினாவுக்கு விடை எழுத மாணவர் தயங்குகின்றனர். சிலர் வெற்றிடமாக விட்டுவிடுகின்றனர். காமன் கூத்தைப் பார்த்தவர்க்கு இது கடினமாகாது. நெற்றிக்கண் திறப்பது ஒரு கணமே. அதன்பின் விடியும்வரை அந்தக் களத்தில் நின்று புலம்புபவள் இரதி. நெருப்புக்காக விழித்திருந்த பிள்ளைகளாகிய நாம் நெருப்பு முடிந்ததும் உறங்கிவிட்டோம். எங்கள் தாய்மார் உறங்கவில்லை.

சென்ற மாதம் பத்தாம் தர மாணவியர் இருவர் செய்த குடைக் கருவியை, பனி இறங்கிய ஒரு மாலையில் விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டு சென்றோம். பத்து மீற்றருக்கு ஒருவராக மாணவரை வரிசையில் நிறுத்தி, ஒளி தெரிகின்றதா என்று கூவிக் கேட்டோம். கதிர் வெண்ணிறக் கோலாக நீண்டு, மைதானத்தின் நடுவே மங்கிக் கரைந்தது. ஒன்பதாமவன் தெரிகின்றது என்றான். பத்தாமவன் ஐயமாக இருக்கின்றது என்றான். பதினோராமவனிடமிருந்து விடை வரவில்லை. குளிர் தாங்காமல் அவன் வகுப்பறைக்கு ஓடிவிட்டிருந்தான். அளவை மீண்டும் எடுத்தல் வேண்டும்.